கழுத்தில் ஒரு கொத்து இறகு

திருவொற்றியூர்,
ஞாயிறு காலை

அன்புள்ள மல்லிகாவுக்கு,

உன் கடிதம் வந்து பதினைந்து நாளாகிறது. உடனே பதில் போடாததற்குக் காரணம் கோழி. சிரிக்காதே. மாடியில் அடைக்கு உட்கார்ந்திருந்தவள் நேற்று மதியம்தான் கடைசிக் குஞ்சையும் பொரித்து முடித்தாள். வைத்தது 11, பொரிந்தது 9. அந்த ஒன்பதையும் தூக்கிக் கழுத்தைப் பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்துவிட்டேன்.

பேத்தி பிறந்ததில் ரொம்ப சந்தோஷம். பெயர் வைத்தாயிற்றா? என் முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. தேரடி மெட்ரோவில் லிப்ட் இருப்பதால் ஊர் சுற்றுவது மட்டும் நிற்கவில்லை.

இந்த வயதில், அதுவும் வெள்ளத்தில் எல்லாம் போன பிறகு, எதற்கடி மறுபடியும் கோழி என்று கேட்டிருந்தாய். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் தண்ணீர் வந்த ராத்திரி, பின்கட்டுக் கூண்டில் இருந்த 12 கோழியும் போய்விட்டன. எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் மிதந்ததும் அந்தச் சமயம்தான். மீன்காரர்கள் படகும் வலையும் கருப்பாகி நின்றபோது நான் கோழிக்கு அழுதால் நன்றாகவா இருக்கும்? சும்மா இருந்துவிட்டேன். ஆனால் அதில் ஒன்று கழுத்தறுத்தான் வகைக் கோழி. ஆறாம் வகுப்பு லீவில் உன் ஆயா வீட்டில் பார்த்தோமே, கழுத்தில் இறகே இல்லாமல் செக்கச்செவேலென்று! நீ அதைக் கழுகு என்று நினைத்துத் திண்ணை மேல் ஏறினாய். சித்திரை வெயிலில் மற்றதெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும்போது அது மட்டும் சாவகாசமாகக் கிளறிக்கொண்டிருக்கும். மொட்டைக் கழுத்து வழியாக உடம்புச் சூடு இறங்கிவிடுகிறது. உடம்பிலும் மற்ற கோழிகளைவிட இறகு குறைவு. தளம் கொதிக்கிற மாடிக்கு இதைவிடத் தோதான கோழி ஏது?

மாதவரத்தில் கால்நடைப் பல்கலைக்கழகத்தை வைத்துக்கொண்டு எங்கெங்கோ அலைகிறாயே, அவர்கள் உருவாக்கிய நந்தனம் கோழி வாங்கிக்கொள்ளேன் என்றான் தம்பி. இன்னொருவர் ஹித்காரி என்றார். வடக்கே இஸ்ஸத்நகர் ஆராய்ச்சி நிலையத்தில் கழுத்தறுத்தானையும் வேறொரு கோழி வகையையும் சேர்த்து உருவாக்கியது அது. நல்ல கோழிகள்தான். எனக்கு வேண்டியது முட்டைக் கணக்கு இல்லை. சிறுவிடை என்கிற சின்ன நாட்டுக்கோழியின் உடம்பு, மொட்டைக் கழுத்து, தானே அடைகாத்துத் தானே குஞ்சை வளர்க்கிற குணம், இந்த மூன்றும் ஒரே கோழியில் வேண்டும். இப்போது ஊர்ப்பக்கமே எல்லாம் கலந்துபோய்க் கிடக்கிறது.

முதலில் ஏமாந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒரு ஜோடி, 3,000 ரூபாய். சேவலின் கழுத்து பளபளவென்று இருந்தது. “ஒரிஜினல்க்கா, நாலு தலைமுறையா இதான்” என்றான் விற்றவன். கொண்டுவந்து மாடிப்படிக்குக் கீழே மூன்று வாரம் தனியாக வைத்தேன். வெளியிலிருந்து வரும் கோழியை நேராகக் கூண்டில் விடவே கூடாது. வெள்ளைக்கழிச்சல் நோயைக் கொண்டுவந்தால் ஒரே வாரத்தில் கூண்டு காலியாகிவிடும். மூன்றாவது வாரம் தீனி வைக்கப் போனபோது, சேவலின் முன்கழுத்தில், தீனிப்பைக்குச் சற்று மேலே, என்னவோ நீலமாகத் தெரிந்தது. தொட்டால் முள்முள்ளாகக் குத்துகிறது. இறகுக் குருத்து! அங்கே இருந்த கொத்தைப் பிடுங்கிவிட்டு விற்றிருக்கிறான். வாங்கும்போது தோலை விரித்துப் பார்த்திருந்தால் பிடுங்கிய இடம் புள்ளிபுள்ளியாகத் தெரிந்திருக்கும். அன்றைக்குப் பார்த்து நான் மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போகவில்லை.

அந்தக் கொத்துதான் கழுத்தறுத்தானின் ஜாதகம். தாய், தகப்பன் இரண்டு பக்கமிருந்தும் அந்தக் குணம் இறங்கியிருந்தால் கழுத்து முழு மொட்டை. ஒரு பக்கம் மட்டும் என்றால் முன்கழுத்தில் ஒரு கொத்து இறகு நிற்கும். கொத்தும் கொத்தும் சேர்ந்தால் நாலு குஞ்சுக்கு ஒன்று முழு மொட்டை, இரண்டு கொத்து, ஒன்று சாதாக் கழுத்து. இதைத் தெரிந்துகொண்டதும் சேவல் மேல் இருந்த கோபம் போய்விட்டது.

என்னை உண்மையில் ஏமாற்றியது கூட வந்த பெட்டைதான். கழுத்து அசல் மொட்டை. முட்டையும் விடாமல் இட்டாள். ஆனால் அடைக்கு உட்கார வைத்தால் பத்தாம் நாள் எழுந்து போய்விட்டாள். ஒன்பது முட்டை, உள்ளே உயிர் பிடித்து, குளிர்ந்து கிடந்தது. பண்ணைக் கோழி ரத்தம் எங்கேயோ கலந்திருக்க வேண்டும். அப்புறம்தான் எனக்கு உறைத்தது, கழுத்தை நல்ல சேவல் ஒன்று இருந்தால் இரண்டு தலைமுறையில் கொண்டுவந்துவிடலாம். அடைகாக்கிற குணம் ஒருமுறை போனால் அப்படி லேசில் வராது. நான் மூவாயிரம் கொடுத்தது சுலபமாகக் கிடைக்கிற சரக்குக்கு.

அதனால் அடுத்த தடவை சந்தைக்குப் போகவில்லை. கும்மிடிப்பூண்டி லோக்கல் ஏறி மீஞ்சூரில் இறங்கி, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் உள்ளே ஒரு கிராமம். கோழி விற்கிற வீடு இல்லை, கோழி வளர்க்கிற வீடு. சாயங்காலம் அடைகிற நேரத்துக்குப் போனேன், அப்போதுதான் எல்லாம் ஒன்றாகக் கண்ணில் படும். மூக்கில் சளி இருக்கிறதா, எச்சம் எப்படி, எந்தத் தாய்க்குப் பின்னால் எத்தனை குஞ்சு என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அந்த வீட்டுப் பெரியம்மா உடைந்த பானையில் மணல் போட்டு ஒன்றை அடை வைத்திருந்தார். முட்டைகளுக்கு நடுவே துருப்பிடித்த ஆணி, கரித்துண்டு, காய்ந்த மிளகாய். என் அம்மாவும் இதே மூன்றைத்தான் போடுவாள். நான் கையை நீட்டினேன், கழுத்தைச் சிலிர்த்துக்கொண்டு (சிலிர்க்க அங்கே இறகு இல்லை என்பது வேறு விஷயம்) மணிக்கட்டில் ஒரே கொத்து. “அதோட அக்காக்காரி போன தடவ பதிமூணு எறக்குச்சு, பருந்துக்குக்கூட ஒண்ணு குடுக்கல” என்றார். அந்த அக்காக்காரியைத்தான் கேட்டு வாங்கி வந்தேன். கழுத்தில் கொத்து உண்டு. 600 ரூபாய். ரயிலில் கூடைக்குள்ளிருந்து எண்ணூர் வரை கேறிக்கொண்டே வந்தாள்.

அவளையும் மூன்று வாரம் தனியாகத்தான் வைத்தேன். இதில் இன்னொரு லாபமும் உண்டு. கோழியின் வயிற்றுக்குள் பழைய சேவலின் விந்து இரண்டு மூன்று வாரம்கூட உயிரோடிருக்கும். உடனே அடை வைத்தால் பிறப்பது யார் குஞ்சு என்றே தெரியாது. அந்த முட்டைகளை ஆம்லெட் போட்டுவிட்டோம். பிறகுதான் நம் பிடுங்கிய கழுத்துக்காரனோடு விட்டேன்.

நேற்றுப் பார்த்த கணக்கு இது: முழு மொட்டை 2, கொத்து 5, சாதாக் கழுத்து 2. ஒன்பது குஞ்சுக்கு இதைவிடச் சரியாக எப்படி வரும்? ஆனால் அந்தச் சேவல் கால் தடித்தவன், பெருவிடை என்கிற பெரிய உடம்பு வகையின் கலப்பு. குஞ்சுகளும் அவனைப் போலத்தான் வளரும். இவற்றிலேயே அண்ணன் தங்கையைச் சேர்த்துக்கொண்டே போனால் நாலைந்து தலைமுறையில் பொரிப்பு குறைந்து நோஞ்சானாகிவிடும். அதனால்தான் உன்னிடம் வருகிறேன்.

உன் ஆயா வீட்டுத் தெருவில் அந்த வகை இன்னும் திரிகிறது என்று எழுதியிருந்தாயே. எனக்கு ஒரு சேவல் வேண்டும். எட்டு, பத்து மாதம் ஆனது, சின்ன உடம்பு, மெல்லிய கால். முழு மொட்டை கிடைத்தால் நல்லது. என் கொத்துப் பெட்டைகளோடு விட்டால் பாதிக் குஞ்சு முழு மொட்டையாக வரும். கிடைக்காவிட்டால் கொத்து இருந்தாலும் பரவாயில்லை. ஆனால் சேவலைப் பார்த்து விலை பேசாதே. அதன் தாயைக் காட்டச் சொல். அது தானாக அடைக்கு உட்காருகிறதா, போன தடவை எத்தனை குஞ்சைத் தேற்றியது என்று கேள். தாய் செத்துப்போச்சு, தெரியாது என்று இழுத்தால் அடுத்த வீட்டுக்குப் போய்விடு. முடிந்தால் ஊரின் அந்தக் கோடியில் இன்னொரு வீட்டிலிருந்து ஒரு விடைக்கோழியும், அதாவது இளம் பெட்டையும், பார்த்து வை. இரண்டும் ஒரே தாயின் பிள்ளைகளாக இருக்கக்கூடாது.

உன் மகன் அடுத்த மாதம் வேன் எடுத்துக்கொண்டு சென்னை வருவதாகச் சொன்னாய் அல்லவா, அதில் அனுப்பு. அட்டைப்பெட்டி வேண்டாம், வெந்துபோகும். மூங்கில் கூடையில் வைத்து மேலே துணி கட்டச் சொல். பணத்தை முதலில் நீ கொடுத்துவிடு, நான் உன் மகனிடம் கொடுத்தனுப்புகிறேன், வாங்கிக்கொள்.

மாடியில் தாய்க்காரி ஒரு மாதிரி கத்துகிறாள், பக்கத்து வீட்டுப் பூனையாக இருக்கும். நான் போகிறேன்.

உன்,
வசந்தா