முடின்னு மாத்தாதீங்க, மயிர்னே படிங்க

ஸ்கூல்ல தமிழ் எடுக்குற ஐயாக்களுக்கும் டீச்சர்களுக்கும் வணக்கம்.

நான் ஒம்பதாவது படிக்கிறப்ப எங்க தமிழ் ஐயா மானம் அதிகாரம் நடத்துனாரு, 964வது குறள் வந்ததும் தொண்டைய செருமிட்டு "தலையின் இழிந்த முடியனையர்"னு படிச்சாரு, ஆனா நாங்க எல்லாரும் புக்க பாத்துட்டு இருந்தோமே, பின் பெஞ்சுல ஒருத்தன் அச்சுல இருந்தத அப்படியே சத்தமா படிச்சுட்டான், கிளாஸே சிரிச்சிருச்சு, அவன வெளிய நிக்க வச்சுட்டு ஐயா அடுத்த குறளுக்குப் போயிட்டாரு. போன வாரம் என் பொண்ணு குறள் போட்டிக்கு அதே குறள மனப்பாடம் பண்றா, அந்த இடத்துல மட்டும் முனகுறா. கேட்டா "அது கெட்ட வார்த்தைப்பா, மிஸ்ஸே சொல்லல"ங்குறா.

"தலையின் இழிந்த மயிரனையர் மாந்தர்
நிலையின் இழிந்தக் கடை."

இதுல ரெண்டு வாட்டி வர்றது மயிர் இல்ல, இழிந்த. இழிதல்னா கீழ இறங்குறது, அவ்வளவுதான். திருமுருகாற்றுப்படை முடியுற எடத்துல "இழுமென இழிதரும் அருவி"ன்னு வருதே, அங்க அந்த சொல்லு எவ்வளவு அழகா இருக்கு! ஆக மயிரும் வசவு இல்ல, இழியும் வசவு இல்ல, இருந்த எடத்த விட்டு இறங்குனதுலதான் வள்ளுவர் கேவலத்த வைக்கிறாரு. அஞ்சு குறள் தள்ளி 969ல "மயிர்நீப்பின் வாழாக் கவரிமா"ங்குறாரு, (மான் இல்லங்க, மா, அதாவது விலங்கு, அதையும் சேத்து சொல்லிக்குடுங்க) அங்க அதே மயிர் உயிருக்கு சமம். ஒரே அதிகாரத்துல ஒரே சொல்ல ரெண்டு பக்கமும் நிறுத்திக் காட்டுறாரு, நீங்க ஒரு பக்கத்த மாத்திட்டா புள்ளைங்களுக்கு அது எப்படி தெரியும்?

முடியனையர்னு போட்டாலும் தளை தட்டாது, அதாவது வெண்பாவோட ஓசை கெடாது, ஒத்துக்குறேன். ஆனா பழைய தமிழ்ல முடின்னா கிரீடம், முடியுடை மூவேந்தர்ங்குறோமே, தலைய விட்டு இறங்குன கிரீடம்னு பொருள் போச்சுன்னா வேற பாட்டு ஆயிடும். மயிரிழையில உயிர் தப்பினாருன்னு பேப்பர்ல வந்தா யாரும் சிரிக்கறதில்லயே.

அதனால அடுத்த வாட்டி சத்தமா, அச்சுல இருக்கறபடியே படிங்க, சிரிக்கறவங்க ஒரு நிமிஷம் சிரிச்சுக்கட்டும், அப்பறம் ஏன் தலையிலருந்து விழுந்த மயிர்னு அவங்களையே கேளுங்க. நேத்து ராத்திரி பொண்ணுக்கு சடை பின்னி விட்டுட்டு, சீப்புல சிக்குன சுருள காட்டி நான் அதத்தான் கேட்டேன். "தலைல இருந்தா எண்ணெய் வச்சு பூ வைப்போம், இத யாருப்பா தொடுவாங்க"ன்னா. அப்பறம் குறள முழுசா சொன்னா, முனகாம.