மருந்தடிக்கும் முன் இலையை உற்றுப் பாருங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

இலையில் ஓட்டை விழுந்தால் உடனே மருந்தடிக்கச் சொல்லும் ஆலோசனைகள் பெருகிவிட்டன. அதற்கு முன் அந்த இலையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள் என்று சக வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

மழை விட்டதும் என் எலுமிச்சை துளிர்க்கும். அந்தக் கொழுந்தில் எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி வெளிர்மஞ்சள் முட்டைகளை ஒவ்வொன்றாக ஒட்டிவிட்டுப் போகும். பொரித்து வரும் புழு அச்சு அசல் பறவை எச்சம் போலவே இருக்கும். வளர்ந்ததும் பச்சையாகிவிடும். அப்போது மெல்லத் தொட்டால், தலைக்குப் பின்னாலிருந்து கவட்டையாய்ப் பிரிந்த சிவந்த உறுப்பை நீட்டும். காட்டமான வாடை வீசும். எதிரியை விரட்ட அதற்கு வாய்த்தது அவ்வளவுதான். கொழுந்து போகும், உண்மை. வேரூன்றிய செடி மறுபடி துளிர்த்துவிடும். இளங்கன்றாக இருந்தால் புழுவைப் பெரிய எலுமிச்சைக்கு மாற்றிவிடலாம்.

பக்கத்திலேயே தையல்சிட்டு, அகன்ற இலைகளைச் சிலந்தி நூலாலும் நாராலும் தைத்துக் கூடு கட்டுகிறது. குஞ்சுகளுக்கு அது ஊட்டுவது பூச்சியும் புழுவும்தான். நாம் மருந்தடித்த புழுவும் அந்தச் சின்ன வாய்க்குத்தான் போகும். என்னால் தாங்க முடியாதது இதுதான்.

கோடையில் தோட்டமே ஓய்ந்ததுபோல் தோன்றும். சருகை விலக்கினால் அடியில் ஈரம், மரவட்டை, சிலந்தி என்று ஒரு கூட்டமே இருக்கும். தயவுசெய்து அதைக் கூட்டி எரிக்காதீர்கள்.

தங்கள் நாளிதழ், அந்தந்தப் பருவத்தில் தோட்டத்துக்கு வரும் உயிர்களைப் படத்துடன் அறிமுகப்படுத்த வேண்டும். முதல் படமாக இந்த எலுமிச்சைப் புழுவையே போடுங்கள். எச்சம் போலிருக்கும் பருவம், பச்சையாகும் பருவம் இரண்டையும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி