பாக்கெட் விலையும் படத்தின் விலையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் ஒளிப்படக் கட்டுரையில், இருட்டறைத் தாள் (ஃபிலிம் படத்தை ஒளியால் பதிக்கும் தாள்) யானை விலை விற்கிறது, டிஜிட்டலுக்கு, அதாவது பிரிண்டரில் மையால் அச்சிடுவதற்கு, மாறிவிட்டால் தாள் செலவு ஒரு பொருட்டே இல்லை என்று எழுதியிருந்தார்கள். இரண்டு முறையிலும் படம் போடுகிறவன் நான். புதிதாக வருகிற பிள்ளைகள் இதை நம்பி இருட்டறைப் பக்கமே போகாமல் இருந்துவிடுவார்களே என்ற கவலையில்தான் எழுதுகிறேன்.

முதலில், ஒப்பிட்ட தாள்களே சரியில்லை. ஒரு பக்கம் பேரைட்டா என்ற வெள்ளைக் கனிமப் பூச்சுள்ள, பிளாஸ்டிக் கலக்காத இருட்டறைத் தாளான ஃபைபர் பேப்பர். மறுபக்கம் மை பிரிண்டருக்கான சாதாரணப் பளபள இங்க்ஜெட் தாள். ஃபைபருக்கு ஈடாக ஹானமூலே, கான்சன் போன்ற நிறுவனங்களின் பருத்தித் தாளையோ பேரைட்டா தாளையோ அல்லவா வைக்க வேண்டும்? அப்படி வைத்தால் ஒரு தாளுக்குப் பெரிய வித்தியாசம் வராது. சில அளவுகளில் இங்க்ஜெட் தாளே கூடுதலாக இருக்கும். பளபளத் தாளோடு ஒப்பிட வேண்டியது பிளாஸ்டிக் பூச்சுள்ள இருட்டறைத் தாளான ஆர்.சி. பேப்பரை.

இருட்டறைத் தாள் விலை ஏறியது உண்மைதான். அதில் வெள்ளி இருக்கிறது, செய்கிறவர்களும் குறைந்துவிட்டார்கள். கோடாக் 2005-லேயே கருப்பு வெள்ளைத் தாளைக் கைவிட்டது. இன்று இல்ஃபோர்டு, ஃபோமா என்று ஒரு சிலர்தான் மிச்சம்.

ஆனால் இருட்டறையில் காசு கரைவது தாளின் விலையால் அல்ல, வீணாகும் தாள்களால். ஒரு தாளை நான்கு கீற்றாக வெட்டி, ஒன்றை என்லார்ஜரின் (ஃபிலிம் படத்தைப் பெரிதாக்கித் தாளில் விழச் செய்யும் கருவியின்) கீழ் வைத்து, அட்டையால் மறைத்து மறைத்து ஐந்தைந்து விநாடியாக ஒளி கொடுத்துப் பார்ப்போம். நேரம் பிடிபட்டதும் முழுத் தாள். வானம் வெளுத்திருக்கும், இந்தத் தாளில் ஒளி கூடினால் கறுப்பு கூடும் என்பதால் அங்கே மட்டும் கூடுதல் ஒளி கொடுத்து இன்னொரு தாள். ஃபைபர் என்றால் காய்ந்த பிறகு ஒரு சாயல் கறுக்கும் என்பதால், ஈரத்தில் அழகாகத் தெரிந்த படம் மறுநாள் மங்கிக் கிடக்கும். அப்புறம் மறுபடியும் ஒரு தாள். ஒரு நல்ல படத்துக்கு மூன்று நான்கு தாள் போவது சாதாரணம். பழகப் பழக இது குறையும். கட்டுரை இதைத் தொடவே இல்லை.

டிஜிட்டலில் இந்தத் தேடல் பெரும்பாலும் திரையிலேயே முடிகிறது, சரி. அதற்குப் பதில் மை இருக்கிறதே! 8×10 அங்குலத்திலிருந்து 16×20-க்குப் போனால் பரப்பு நான்கு மடங்கு, மையும் ஏறக்குறைய அப்படித்தான். பிரிண்டரைச் சில வாரம் சும்மா விட்டால் மை வரும் நுண்துளைகள் அடைத்துக்கொள்ளும், சுத்தம் செய்யவே மை குடிக்கும். எப்போதாவது படம் போடுகிறவருக்கு இதுதான் பெரிய செலவு. இருட்டறையிலோ படத்தைத் தெரியவைக்கும் ரசாயனமான டெவலப்பர் ஒரு தட்டு இருந்தால் அதில் அன்றைய படங்கள் அத்தனையும் போடலாம்.

டிஜிட்டல் கோப்பை லேசர் ஒளியால் வெள்ளி உப்புத் தாளிலேயே பதிக்கும் லேப்களையும் கட்டுரை மறந்துவிட்டது. லேப்கள் தாளை நீளச் சுருளாக வாங்குவதால் சிறிய வண்ணப் படங்களுக்கு அநேகமாக அதுதான் மலிவு.

அடுத்த முறை எழுதும்போது ஒரே ரகத் தாள், ஒரே அளவு என்று எடுத்துக்கொண்டு, வீணான தாள், மை, ரசாயனம் எல்லாம் சேர்த்து, முடிந்த ஒரு படத்துக்கு என்ன ஆகிறது என்று கணக்குப் போட்டு வெளியிடுங்கள். ஃபைபரை மட்டும் காட்டிப் புதியவர்களை மிரட்டாமல், ஆர்.சி. பேப்பரில் தொடங்கலாம் என்பதையும் அவர்களுக்குச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்