கிணற்றடிக் கொடிகள்

அங்காஸ்டன், தெற்கு ஆஸ்திரேலியா
ஜூன் 14

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். இங்கே குளிர்காலம், கவாத்து தொடங்கிவிட்டது. காலையில் கத்தரியைப் பிடித்தால் விரல் விறைத்துப்போகிறது. அம்மா அனுப்பிய கம்பளிச் சட்டைதான் காப்பாற்றுகிறது.

போன வாரம் போனில், கிணற்றடித் தோட்டத்துத் திராட்சைக் கொடிகளைப் பிடுங்கிவிட்டுப் புதிதாக நடலாமா என்று கேட்டீர்கள். எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஈடன் பள்ளத்தாக்குப் பக்கம் போய்வந்தேன்.

அங்கே பழைய லூத்தரன் தேவாலயத்துக்கு எதிரே 'ஹில் ஆஃப் கிரேஸ்' தோட்டம். 1860 வாக்கில் நட்ட ஷிராஸ் என்ற ஒயின் திராட்சைக் கொடிகள் இன்னும் காய்க்கின்றன அப்பா! அடித்தண்டு முறுக்கி, வெடித்து, சின்ன மரம் போலவே இருக்கிறது. ஹென்ஷ்கே குடும்பத்தின் தோட்டம் அது. 1868 முதல் ஒயின் செய்கிறார்கள், இப்போது ஆறாவது தலைமுறை. இந்தத் தோட்டத்துப் பழத்தைத் தனியாகச் சிவப்பு ஒயினாக்கத் தொடங்கியது 1958இல்.

நான் வேலிக்கு வெளியேதான் நின்றேன். பைலாக்சரா என்ற வேர்ப்பூச்சி செருப்பு மண்ணிலேயே வந்துவிடும். 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் தோட்டங்களை அழித்தது, இந்த மாநிலத்துக்கு இன்றுவரை வரவில்லை. அதனால் இந்தக் கொடிகள், பூச்சியைத் தாங்கும் வேறு வேரில் ஒட்டுக் கட்டாமல், சொந்த வேரிலேயே நிற்கின்றன.

அந்த வீட்டு மருமகள் ப்ரூ ஹென்ஷ்கே தாவரவியல் படித்தவர். கொடிக்கடியில் வைக்கோலும் கம்போஸ்ட்டும் மூடாக்கு, வரிசைகளுக்கிடையே இந்த மண்ணின் புல். நல்ல பூச்சிகள் தங்கட்டும் என்று பூக்கும் நாட்டுப் புதர்களையும் நட்டிருக்கிறார். நான் வேலை செய்யும் தோட்டத்திலும் மூடாக்கு உண்டு. ஜனவரி வெயிலில் கையை விட்டுப் பார்த்தேன், அடியில் ஈரம், மண்புழு.

1980களில் திராட்சை விலை விழுந்தபோது, அரசாங்கமே காசு கொடுத்துக் கொடிகளைப் பிடுங்கச் சொன்னதாம். பிடுங்கியதில் எத்தனையோ பழைய கொடிகள் போயின. இன்று 125 வயது தாண்டிய கொடிக்கு 'மூதாதை' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

நம் கதை வேறு என்பது எனக்குத் தெரியும். இங்கே வருஷத்துக்கு ஒரே அறுவடை, குறைவாகக் காய்த்தாலும் ஒயின் விலை தாங்கிவிடும். நம் பன்னீர் திராட்சைக்கு எடைக்குத்தான் காசு. அதனால் எல்லாவற்றையும் அப்படியே விடுங்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மண் சோர்ந்துபோனதற்குக் கொடியைக் குறை சொல்கிறோமோ என்று தோன்றுகிறது.

கிழக்கோரம் நான்கு வரிசையை மட்டும் ஒரு வருஷம் விட்டுவைப்போம். களைக்கொல்லி வேண்டாம். நெல் அறுப்பு முடிந்ததும் வைக்கோல் வாங்கி ஒரு சாண் கனத்துக்குப் பரப்புங்கள். தண்டை ஒட்டிப் போடாதீர்கள், அழுகிவிடும். அப்புறம் காய்ப்பைப் பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள்.

வைக்கோலுக்கான பணத்தை வெள்ளிக்கிழமை அனுப்புகிறேன். அம்மாவையும் தம்பியையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகன்