வீட்டுப்பாடத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள்: தலைமையாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர்களுக்கு,

வணக்கம். பிள்ளைகள் சேர்ந்தாற்போல் பத்து நிமிடம் புத்தகத்தைப் பார்ப்பதில்லை என்ற புலம்பல் இல்லாத பெற்றோர் கூட்டமே இன்று இல்லை. பழி ரீல்ஸ் மேல் விழுகிறது. அதில் நியாயமும் உண்டு. ஆனால் சாயங்காலம் படிக்க உட்காரும் பிள்ளையின் கையில் போனைக் கொடுக்கவைப்பது வகுப்பின் வாட்ஸ்அப் குழுதான். அந்த வழக்கத்தை நிறுத்துங்கள்.

கணக்கு வீட்டுப்பாடம் போட்டோவாக வருகிறது. பிள்ளை அதைப் பெரிதாக்கி மூன்றாவது கணக்கை நோட்டில் எழுதுகிறாள். திரையின் மேலே ஒரு நோட்டிஃபிகேஷன் இறங்குகிறது. விரல் பட்டதும் ஷார்ட்ஸ் ஓடத் தொடங்குகிறது. திரும்பி வரும்போது எதுவரை போட்டோம் என்பது மறந்துவிட, முதல் வரியிலிருந்து மறுபடி படிக்கிறாள். போனைத் தொடாமலே இருந்தாலும் கவனம் சிதறும்: வெறும் அழைப்போ குறுஞ்செய்தியோ வந்த சத்தத்துக்கே கவனச் சோதனையில் பிழைகள் கூடியதை ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-இல் பதிவு செய்தார்கள்.

பிள்ளைகளை மட்டும் குறை சொல்லவும் முடியாது. பெரியவர்கள் கணினியில் ஒரு திரையை விட்டு இன்னொன்றுக்குத் தாவும் இடைவெளியைக் குளோரியா மார்க் என்ற அமெரிக்க ஆய்வாளர் அளந்தார். 2004-இல் சராசரி இரண்டரை நிமிடம். பிந்தைய ஆண்டுகளில் 47 வினாடி. ‘மனிதனின் கவனம் தங்கமீனைவிடக் குறைவு, எட்டு வினாடிதான்’ என்று காலை வழிபாட்டில் சொல்வதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அந்த எண்ணுக்கு ஆய்வு ஆதாரம் கிடையாது. கூடியிருப்பது தாவும் பழக்கம். அதை மாற்ற முடியும்.

கடைசி பீரியடில் பத்து நிமிடம் ஒதுக்கி, பக்க எண்ணும் கணக்கு எண்ணும் கரும்பலகையில் எழுதப்படட்டும். பிள்ளைகள் டைரியில் எழுதிக்கொள்ளட்டும். ஒர்க்‌ஷீட் என்றால் ஜெராக்ஸ் கொடுங்கள். வாட்ஸ்அப் குழு என்பது விடுமுறை, பஸ் தாமதம் போன்ற செய்திகளுக்கு மட்டும் இருக்கட்டும். அதிலும் அட்மின் மட்டுமே எழுதும்படி செட்டிங்கை மாற்றுங்கள். இல்லையென்றால் ஒரு அறிவிப்புக்கு நாற்பது ‘ஓகே மிஸ்’ வரும், ஒவ்வொன்றும் சத்தத்தோடு.

இந்த ஏற்பாடு சறுக்குவது பெரும்பாலும் லீவு போட்ட பிள்ளையிடம். அவளுக்காக ஒரு போட்டோ அனுப்பினால், மறுவாரமே எல்லாம் பழையபடி ஆகிவிடும். அவள் மறுநாள் தோழியின் டைரியைப் பார்த்து எழுதி, ஒரு நாள் தள்ளி முடிக்கட்டும்.

பெற்றோரிடமும் சொல்லுங்கள். சைலண்டில் போட்டு மேசை மேல் வைத்தால் போதாது, போன் வேறு அறையில் இருக்க வேண்டும். பாட வீடியோ அவசியமென்றால் யூடியூபில் ஆட்டோபிளேயை அணைத்து, வாட்ச் ஹிஸ்டரியை அழித்து நிறுத்தினால் முகப்பில் பரிந்துரைகள் வந்து குவியாது. தொடர் வாசிப்பை முதல் வாரம் 10 நிமிடத்தில் தொடங்கி, வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டி, 30 வரை கொண்டுபோகலாம். எடுத்த எடுப்பில் ஒரு மணி நேரம் உட்காரவைத்தால் பிள்ளை பக்கத்தை வெறித்துக்கொண்டிருக்கும். இடைவேளையில் ரீல்ஸ் வேண்டாம், மொட்டை மாடிக்குப் போய் வரட்டும்.

இந்தப் பருவத்திலேயே ஒரே ஒரு வகுப்பில் தொடங்குங்கள். நோட்டுத் திருத்தும்போது பாதியில் நின்ற கணக்குகளை, மாற்றத்துக்கு முன் இரண்டு வாரமும் பின் இரண்டு வாரமும் எண்ணி வையுங்கள். மற்ற வகுப்புகளுக்கு விரிப்பதை அந்த எண்ணிக்கையைப் பார்த்து முடிவு செய்யலாம்.

இப்படிக்கு,
வாசிப்புப் பயிற்சி ஆசிரியர்கள்