முகத்தை மட்டும் மாற்றாதே, மாப்பிள்ளை

சிங்காநல்லூர்,
ஞாயிறு இரவு.

அன்புள்ள மாப்பிள்ளை சண்முகத்துக்கு,

இங்கே எல்லோரும் நலம். மேஸ்திரிக்குக் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்துவிட்டது. பார்க்கப் போனபோது என் சட்டைக் காலரில் இருந்த பெயிண்ட் புள்ளியைக் கண்டுபிடித்துத் திட்டினார். அந்த அளவுக்குத் தேறிவிட்டார். தங்கச்சி கொடுத்தனுப்பிய கவுந்தப்பாடிச் சர்க்கரை வந்து சேர்ந்தது. பெரியவளுக்கு ஜாதகம் பொருந்தியதா என்று உன் அக்கா கேட்கச் சொன்னாள்.

இதையெல்லாம் தொலைபேசியிலேயே பேசியிருக்கலாம். ஆனால் நான் சொல்ல வந்ததைத் தொலைபேசியில் ஆரம்பித்தால் இரண்டாவது வார்த்தையிலேயே நீ குறுக்கே விழுவாய், எனக்கும் கோபம் வரும், கடைசியில் அம்பாசிடரா பத்மினியா என்ற பழைய பஞ்சாயத்தில் போய் நிற்போம். காகிதம் என்றால் நீ வாயை மூடிக்கொண்டு படித்துத்தான் ஆக வேண்டும்.

போன வாரம் திருப்பூரிலிருந்து ஒரு பனியன் கம்பெனி முதலாளி பட்டறைக்கு வந்தார். 2017-இல் எடுத்த பி.எம்.டபிள்யூ செவன் சீரீஸ், கருநீலம். அவருடைய டிரைவரைப் பாராட்ட வேண்டும். கதவைத் திறந்தால் இன்னும் தோல் வாசனை அடிக்கிறது. அந்த வண்டிக்கு 2019-இல் வந்த முகத்தை மாட்டித் தர வேண்டுமாம். பானெட், பம்பர், இரண்டு மட்கார்டு, ஹெட்லைட், நடுவில் காற்று உள்ளே போகிற கிரில் எல்லாமே செட்டாகக் கிடைக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சாமான் அவர் பொறுப்பு, வேலை என் பொறுப்பு. நான் வாயைத் திறப்பதற்கு முன்பே கூலிக்கு ஒரு தொகையும் சொன்னார். முடியாது என்று சொல்லிவிட்டேன். "அப்படியென்றால் ஈரோட்டில் ஒருவர் இருக்கிறாராமே" என்று கேட்டுக்கொண்டே வண்டியில் ஏறினார். அந்த ஒருவர் நீதான். இன்றைக்கோ நாளைக்கோ உன் வாசலில் வந்து நிற்பார். அதற்குள் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்துவிட வேண்டும்.

எதற்காக மாற்ற நினைக்கிறீர்கள் என்று கேட்டேன். பெருந்துறைப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் இவருடைய வண்டிக்குப் பக்கத்திலேயே சகலையின் புது செவன் சீரீஸ் நின்றிருக்கிறது. வந்தவர்கள் எல்லாம் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்களாம். இவருடைய வண்டியை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லையாம். சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. அந்த மனக்குறை எனக்குப் புரிகிறது; அவர் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

இனிமேல்தான் நீ கவனமாகப் படிக்க வேண்டும். நீ 2019 முகத்தின் ஆள் என்பது ஊருக்கே தெரியும். முதலாளி வருகிறார் என்பது நூறடி தூரத்திலேயே தெரிய வேண்டும், இல்லாவிட்டால் அவ்வளவு பணம் போட்டு எதற்கு அந்த வண்டி என்பாய். அந்தக் கம்பெனியும் அதைத்தான் நினைத்தது. அப்போது இந்தக் காருக்குச் சீனம்தான் மிகப்பெரிய சந்தை. பின் இருக்கையில் உட்கார்ந்து போகிறவர்கள் கம்பீரம் கேட்டார்கள், கொடுத்தார்கள். கிரில்லை ஏறக்குறைய 40 சதவீதம் பெரிதாக்கினார்கள். மூக்கை 50 மில்லிமீட்டர் உயர்த்தினார்கள். ஹெட்லைட்டை ஒடுக்கினார்கள், மேலே இருக்கும் வட்டச் சின்னத்தையும் பெரிதாக்கினார்கள். பின்னால் இரண்டு விளக்கையும் இணைத்து 6 மில்லிமீட்டர் அகலத்தில் ஓர் ஒளிக்கோடு இழுத்தார்கள். பின்பக்கம் அழகு, அதை ஒப்புக்கொள்கிறேன். இரவில் அவிநாசி சாலையில் முன்னால் போனால் நானும் பார்த்துக்கொண்டேதான் வருவேன்.

கிரில் பெரியது என்பதற்காக நான் சண்டை போடவில்லை, மாப்பிள்ளை. 1933-இல் அந்தக் கம்பெனியின் 303 என்ற வண்டியில் முதன்முதலாக வந்த இரட்டைக் கிரில்லே நெட்டுக்குத்தலாக, உயரமாகத்தான் இருந்தது என்று நீ சொல்வாய். சரிதான். ஆனால் அந்தக் காலத்து வண்டிகளின் உடம்பைப் பார். ஜி.டி. நாயுடு வளாகத்துக் கார் மியூசியத்துக்குப் போனபோது நீயே காட்டினாயே, பானெட் ஒடுங்கி, உயர்ந்து, இரண்டு பக்கமும் மட்கார்டு தனியாகப் பிரிந்து நிற்பதை! ரேடியேட்டர் எவ்வளவு உயரமோ அவ்வளவு உயரத்தில் பானெட்டும் போகிறது, அதே உயரத்தில் கண்ணாடி தொடங்குகிறது. முகமும் உடம்பும் ஒரே கையால் வரைந்தவை.

2019-இல் நடந்தது வேறு. கதவு மாறவில்லை, கூரை மாறவில்லை, கண்ணாடிகளின் வடிவம் மாறவில்லை. அவையெல்லாம் 2015-இல் தாழ்வான ஒரு மூக்குக்காக வரைந்தவை. அந்த உடம்பில் மூக்கை மட்டும் 50 மில்லிமீட்டர் தூக்கினால் என்ன ஆகும்?

என்ன ஆகும் என்பதை நான் கண்ணால் பார்த்துவிட்டேன். முதலாளி டீ குடிக்கப் போயிருந்தபோது வண்டியை ஷெட்டுக்குள் தள்ளி, ஷட்டரை இறக்கிவிட்டு, டியூப் லைட்டை நீளவாக்கில் கதவோரம் பிடித்துக்கொண்டு குனிந்தேன். மேஸ்திரி நமக்குச் சொல்லிக்கொடுத்த அதே பார்வை. பின்விளக்கிலிருந்து கிளம்பும் கோடு கைப்பிடிகளின் வழியாக, ஒரு நெளிவும் இல்லாமல், முன் மட்கார்டுக்கு வருகிறது. அங்கிருந்து வெளிச்சம் பானெட்டின் மேல் ஏறி, மெல்லச் சரிந்து, கிரில்லின் மேல் விளிம்பில் முடிகிறது. எங்கே இறங்கியது என்று விரலை வைத்துச் சொல்ல முடியாது. கீழே மட்கார்டிலிருந்து வளைந்து இறங்கிக் கதவுகளின் அடியோரமாகவே பின்சக்கரம் வரைக்கும் ஒரு குரோம் பட்டை ஓடுகிறது. மேலே அந்தக் கோடு, கீழே இந்தப் பட்டை, இரண்டும் சேர்ந்துதான் அவ்வளவு நீளமான வண்டியைத் தரையோடு தாழ்த்திக் காட்டுகின்றன. 2019 வண்டி ஒன்று முன்பு பெயிண்ட் வேலைக்கு என்னிடம் வந்திருந்தது. அதில் அதே டியூப் லைட்டைப் பிடித்தபோது, பானெட்டின் முனைக்கு வந்த வெளிச்சம் சரியாமல் சுவரில் முட்டியதுபோல நின்றுவிட்டது. மட்கார்டுக் காற்று வாயும் நிமிர்ந்து நிற்கும்படி மாறிவிட்டதால் கீழே ஓடுகிற பட்டைக்கும் பிடிமானம் போய்விட்டது. நேர் முன்னால் நின்று பார்க்கிறவர்களுக்கு இது தெரியாது. பக்கவாட்டில் பார்த்தால் இரண்டு வண்டிகள் நடுவில் ஒட்டின மாதிரிதான் இருக்கும்.

நீ காங்கேயம் மாடு வளர்க்கிறவன், உனக்கு நான் சொல்ல வேண்டியதே இல்லை. கண்ணபுரம் சந்தையில் கொம்பு பெரிதாக இருக்கிறது என்பதற்காகவா ஒரு காளையைப் பிடிப்பாய்? திமில், கழுத்து, கால் எல்லாவற்றோடும் அந்தக் கொம்பு இணங்குகிறதா என்று சுற்றிச் சுற்றித்தானே வருவாய்? அதே கண்ணோடு இந்த வண்டியையும் ஒருமுறை சுற்றி வா.

அடுத்து நீ 2001-ஐ இழுப்பாய். கிறிஸ் பேங்கிளின் வடிவமைப்புத் தலைமையில் வந்த அந்த செவன் சீரீஸ், மேலே வேறொரு மூடியை வைத்து அமுக்கியதுபோன்ற அந்த டிக்கி. உலகமே திட்டியது, அவரை வேலையை விட்டு அனுப்பச் சொல்லிக் கையெழுத்து வேட்டைகூட நடத்தினார்கள். அதே வண்டிதான் அதற்கு முந்தைய தலைமுறைகளைவிட அதிகம் விற்றது. ஆகவே திட்டுகிறவர்கள் எல்லாம் பிற்பாடு வாயை மூடிக்கொள்வார்கள் என்பது உன் வாதம். இதில் நான் உன் பக்கம்தான். எனக்கு அந்த 2001 வண்டி பிடிக்கும். பின்னங்கதவுக்குப் பின்னால் போய் நின்றால் டிக்கி ஏன் அப்படி உயர்ந்திருக்கிறது என்பதற்கு அந்த உடம்பிலேயே பதில் இருக்கிறது. 2005-இல் ஹெட்லைட்டையும் பின்விளக்கையும் மாற்றிச் சாதுவாக்கினார்களே, அதுதான் எனக்கு ஆகவில்லை. திட்டுக்குப் பயந்து புருவத்தை மழித்துவிட்டார்கள்.

முகம் திருத்துவதே தவறு என்று சொல்ல வரவில்லை. 1994 செவன் சீரீஸை 1998-இல் திருத்தினார்களே, நினைவிருக்கிறதா? ஹெட்லைட்டின் கீழ் விளிம்பில் ஒரு சின்ன வளைவு. பக்கத்தில் பழையதை நிறுத்திக் காட்டினால்தான் பலருக்கும் தெரியும். செடான்களில் அதைவிடச் சுத்தமான திருத்தத்தை நான் பார்த்ததில்லை. நம் அம்பாசிடரையே எடுத்துக்கொள். மோரிஸ் ஆக்ஸ்போர்டிலிருந்து வந்த உடம்பு. மார்க் 2, மார்க் 3, மார்க் 4, நோவா என்று 2014-இல் தயாரிப்பு நிற்கும் வரையில் எத்தனை கிரில் பார்த்திருக்கும்! ஆனால் பானெட்டின் அந்த உருண்ட நெற்றியை ஒருவரும் தூக்கவில்லை. இருக்கிற எல்லைக்குள்ளேயே கம்பியை மாற்றினார்கள், விளக்கை இடம் மாற்றினார்கள். அதனால்தான் எந்த வருடத்து வண்டியைப் பார்த்தாலும் அது அம்பாசிடராகவே இருக்கிறது. (பத்மினியை இப்போது இழுக்காதே.)

இப்போது சகலையின் வண்டி. 2022-இல் வந்த அந்தப் புது உடம்பைப் பற்றி என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் முகம் சுளிக்கிறார்கள். ஹெட்லைட்டை இரண்டாகப் பிளந்து, மேலே ஒரு கீற்றும் கீழே கறுப்புக்குள் மறைந்த விளக்குமாக வைத்திருக்கிறார்கள். கிரில்லைச் சுற்றி ஒளி வேறு. எனக்கு அந்தப் பிளவு பிடிக்கவில்லை. விளக்கு எரியாதபோது கண் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கிறது. ஆனாலும் அந்த வண்டியை மதிக்கிறேன். முந்தைய நீள வண்டியைவிட நீளம் 13 சென்டிமீட்டர் அதிகம், அகலமும் உயரமும் ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் அதிகம். 2019-இல் மூக்கை மட்டும் தூக்கினார்கள். 2022-இல் கூரையையும் சேர்த்து உயர்த்தினார்கள். தோள் நிமிர்ந்தது, கதவு உயர்ந்தது, அதற்கேற்ற முகம் வந்தது. பெட்ரோலுக்கும் மின்சாரத்துக்கும் அதே உடம்பு. நம் செங்கல்பட்டுப் பக்கத்து ஆலையிலேயே பெட்ரோல் வண்டியைக் கோத்து வெளியே அனுப்புகிறார்கள். இதைத் திட்டுகிறவர்கள் 2019 வண்டியைப் பார்த்துச் சும்மா இருந்ததுதான் எனக்கு ஆறவில்லை.

வேலையையும் யோசித்துப் பார். கரூரில் பஸ்ஸுக்குப் பாடி கட்டிய கை நம்முடையது; இரும்புத் தகரம் என்றால் நாம் பார்த்துக்கொள்வோம். இந்த வண்டியில் பானெட்டும் கதவுகளும் அலுமினியம், கூடு முழுவதும் ஆங்காங்கே கார்பன் இழை. இரும்பில் தட்டிய சுத்தியலை அதில் வைக்கவே கூடாது. முன்னால் போகிற வண்டியின் தூரத்தை அளக்கிற ரேடார் முன்பக்கத்தில் இருந்தால், பம்பர் மாறியதும் அதைத் திரும்ப அளவு வைக்க வேண்டும். தப்பினால் நெடுஞ்சாலையில் யார் பொறுப்பு? முகம் மாறியதைத் தெரிவிக்காமல் விட்டால் இன்சூரன்ஸ்காரன் நாளைக்குக் கை விரிப்பான். பானெட்டுக்கும் மட்கார்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி இப்போது ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே சீராக ஓடுகிறது. வெளியே வாங்கிய செட்டில் அது வரும் என்று உன்னால் சத்தியம் செய்ய முடியுமா?

பையன் என்னோடு பேசி மூன்று நாளாகிறது. பெயிண்ட் பூத்துக்கு வாங்கிய கடனில் பாதியை இந்த ஒரே வேலையில் அடைத்திருக்கலாம் என்கிறான். கணக்கு அவன் சொல்வதுதான். இந்த மாதம் பட்டறையில் பெரிய வேலை எதுவும் இல்லை, ஆயுத பூஜைக்கு முன்னால் வரும் என்ற நம்பிக்கையும் இல்லை. அவனிடம் நான் சொன்னது ஒன்றுதான்: அந்த வண்டி ரோட்டில் போகும் வரை யார் செய்த வேலை என்று நாலு பேர் கேட்பார்கள், அதற்கு நம் பெயரைச் சொல்வார்கள். அவன் பதில் சொல்லாமல் எழுந்து போய்விட்டான். நீ பேசினால் கேட்பான், ஒருமுறை கூப்பிட்டுப் பேசு.

முதலாளி உன்னிடம் வந்தால் உடனே முடியாது என்று சொல்லி அனுப்பிவிடாதே, வேறு எங்காவது போய்விடுவார். வண்டியைக் கழுவி, ஷெட்டுக்குள் நிறுத்தி, டியூப் லைட்டைப் பிடித்து அவரையே குனிந்து பார்க்கச் சொல். எனக்கு அதற்கு அவர் நேரம் தரவில்லை. நீ பேச்சில் ஆளைப் பிடித்து உட்காரவைப்பவன், உன்னால் முடியும். ஹெட்லைட் கண்ணாடியில் லேசாக மங்கல் இருக்கிறது, அதைத் தேய்த்துக் கொடு. நாலு கதவும் கூரையும் முழு பாலிஷ் கேட்கின்றன. இடதுபக்கப் பின்கதவின் கீழ் விளிம்பில் கல் பட்ட ஒரு புள்ளி இருக்கிறது, துரு பிடிக்காது என்றாலும் பார். அந்தக் கருநீலம் மெருகேறி வந்தால் அடுத்த கல்யாணத்தில் சகலையின் வண்டிக்குப் பக்கத்தில் தைரியமாக நிறுத்தலாம். கூலி முழுவதும் உனக்கே. அப்படியும் அவருக்குப் புது முகம்தான் வேண்டுமென்றால், இதை விற்றுவிட்டு 2022 வண்டியையே எடுக்கச் சொல்.

என்ன முடிவு செய்தாய் என்று உடனே எழுது, அல்லது கூப்பிடு. கூப்பிட்டால் முதலில் நீ பேசு, நான் குறுக்கே வரமாட்டேன். தங்கச்சிக்கும் குழந்தைகளுக்கும் என் அன்பு.

உன் மச்சான்,
துரைசாமி

பி.கு.: சித்திரையில் கண்ணபுரம் சந்தைக்கு நிச்சயம் வருகிறேன். தகரத்துக்கு அடியில் பிடித்துத் தட்டுகிற என் பெரிய டாலிக் கட்டையை அதற்குள்ளாவது தேடி எடுத்து வை.