ஆயுத பூஜை அன்று கேட்ட சத்தம்

அன்புள்ள அம்மணிக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மா கொடுத்தனுப்பிய முறுக்கு நொறுங்காமல் வந்து சேர்ந்ததா?

போனில் நீ சொன்னதையே இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். "கரண்டையும் நிலக்கரியையும் எவ்வளவுதான் மிச்சம் பிடித்தாலும் சிமெண்டில் கரியமில வாயு பாதிக்கு மேல் கல்லிலிருந்தே வருகிறது. நான் எரிசக்தி ஆடிட் பண்ணி என்னப்பா ஆகப்போகிறது?" என்றாய். நியாயமான கேள்விதான். எங்கள் நூல் மில்லில் இந்தத் தொல்லை கிடையாது. கரண்ட் யூனிட் குறைந்தால் கரியமில வாயுவும் குறையும், அவ்வளவுதான். சுண்ணாம்புக் கல் அப்படியில்லை. சுட்டால் வயிற்றில் இருக்கும் வாயுவைக் கக்கத்தான் செய்யும், மொத்தத்தில் சுமார் 60 சதவீதம் அதுதான். அதைக் குறைக்க கிளிங்கரை, அதாவது கல்லைச் சுட்டு எடுக்கும் கட்டியை, குறைக்க வேண்டும். அதற்குப் பதிலாக அனல் மின் நிலையச் சாம்பலை 35 சதவீதம் வரை கலக்க தர விதியே இடம் தருகிறது. ஆனால் அதை முடிவு செய்கிறவர்கள் வேறு. மீதி 40-ல்தான் உனக்கு வேலை.

ஒரு ஆயுத பூஜை ஞாபகம் வருகிறது. மில் முழுக்க நிறுத்தி, ஒவ்வொரு மெஷினுக்கும் பொட்டு வைத்து, பொரி கொடுத்து எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். என் போர்மேன் மட்டும், "கம்ப்ரசரை ஓடவிட்டுட்டு வாடா" என்று டிபார்ட்மெண்டுக்குள் கூட்டிப் போனார். நாள் முழுக்க நூல் நூற்கிற ரிங் பிரேம் மெஷின்கள் இரைகிற இடம், அன்றைக்கு அமைதி. அந்த அமைதியில் மேலே, பக்கத்தில், தூண் மறைவில், எங்கே பார்த்தாலும் "புஸ்ஸ்" என்ற சத்தம். காற்றை எடுக்க ஒரு மெஷினும் ஓடவில்லை. ஆனாலும் கம்ப்ரசர் மூன்று நிமிடம் லோடு (காற்றை அழுத்துவது), ஏழு நிமிடம் அன்லோடு (சும்மா சுற்றுவது) என்று மாறிக்கொண்டே இருந்தது. பத்தில் மூன்று பங்கு காற்று ஓட்டையில் போகிறது என்று அர்த்தம்.

அது 50 ஹெச்.பி. கம்ப்ரசர், 37 கிலோவாட். மூன்று பங்கு என்றால் 11 கிலோவாட். வருடம் 8000 மணி நேரம் ஓடுகிற மில்லில் 88,000 யூனிட். யூனிட்டுக்கு 0.7 கிலோ கரியமில வாயு என்று போட்டால் 60 டன்னுக்கு மேல் வரும். சோப்பு நுரையும் டெப்லான் டேப்பும் வைத்துக்கொண்டு இரண்டு நாளில் பெரும்பகுதியை அடைத்தோம். இதற்கு யாரும் மாலை போடவில்லை. அடுத்த வருடம் புது கம்ப்ரசர் வாங்கியபோது மட்டும் போட்டோ எடுத்தார்கள்!

என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நைட் ஷிப்டில் 30 ஹெச்.பி. மோட்டார் எரிந்துபோனது. ஸ்டோரில் 50 தான் இருந்தது. காலைக்குள் ஓட வேண்டுமே என்று அதையே மாட்டினேன். தற்காலிகமாகத்தான். பதினோரு வருடம் அது அரை லோடில், பவர் பேக்டரை (இழுக்கிற கரண்டில் வேலைக்கு ஆகிற பங்கை) கெடுத்துக்கொண்டு ஓடியது. எந்த ஆலையிலும் "தற்காலிகமாக" மாட்டியது எது என்று முதலில் விசாரி. வயதான பிட்டர் யாராவது டீக்கடையில் வைத்துச் சொல்வார், ஆபீசில் சொல்லமாட்டார்.

அப்புறம் காற்று தள்ளும் பேன்கள். காற்று வழியை மூடும் தகடான டேம்பரைப் பாதி மூடிவைத்துவிட்டு பேனை முழு வேகத்தில் ஓட்டுவது, மடையை அடைத்துக்கொண்டு கிணற்று மோட்டாரைப் போடுவது மாதிரி. வேகத்தை 20 சதவீதம் குறைத்தால் பவர் ஏறக்குறைய பாதியாகிவிடும். இதெல்லாம் உனக்குப் பாடம். எனக்கு மில்லுக்கு ஈரக்காற்று கொடுக்கும் ஹியூமிடிபிகேஷன் பிளாண்டில் முதல்முறை வேகத்தைக் குறைக்கும் டிரைவ் மாட்டி மீட்டரைப் பார்த்தபோதுதான் நம்பிக்கை வந்தது. உங்கள் ஆலையின் பேன்களுக்கு முன்னால் எங்களுடையது விசிறி மட்டை.

2012-ல் மத்திய அரசின் பேட் (PAT) என்ற எரிசக்தி சேமிப்புத் திட்டம் வந்தபோது எட்டுத் தொழில்களில் 478 ஆலைகளுக்கு இலக்கு வைத்தார்கள், உங்கள் சிமெண்டும் அதில் உண்டு. முதல் மூன்று வருடத்தில் 86 லட்சம் டன் எண்ணெய்க்கு ஈடான எரிசக்தி மிச்சமானது. அதற்குள்ளே எத்தனை டெப்லான் டேப் இருக்கும் என்று யோசித்துப் பார்.

சரி, கல்லைச் சுடும் உங்கள் கில்ன் அடுத்து எப்போது ஷட்டவுன் என்று எழுது. உள்ளே விடுவார்களென்றால் நானும் வருகிறேன். இடது காதை ரிங் பிரேமுக்குக் கொடுத்தாயிற்று. வலது காது இன்னும் நன்றாகக் கேட்கிறது.

அன்புடன்,
அப்பா